பீப்பாயின் தித்திப்பு

கசந்து கிடந்த பீரை ஓர் ஓக் மரப் பீப்பாய் வருடக்கணக்காக வயிற்றில் வைத்து, தன் மரத்திலிருந்த இனிப்பையெல்லாம் ஊட்டி வளர்த்தது. ருசி பார்க்கும் நாளில் பீர் கண்ணாடிக் கோப்பைக்குள் இறங்கியது. குடித்தவர் கண்ணை மூடிக்கொண்டு, "வெல்லப்பாகு மாதிரி இருக்கே" என்றார்.

தன் பெயரைப் பீர் சொல்லும் என்று பீப்பாய் காத்திருந்தது.

"எனக்கு இது பிறவி ருசி" என்றது பீர்.

"அப்போ அந்தப் பீப்பாயம்மா உனக்கு என்னதான் கொடுத்தாங்க?" என்று கோப்பை சீண்டியது.

"இருட்டு."

மாலையில் பீப்பாய்க்குள் புது பீரை ஊற்றினார்கள்.

"எனக்கும் அந்த இனிப்பு கிடைக்குமாம்மா?" என்று அது கேட்டது.

பீப்பாய் பலகை பலகையாகத் தன்னைத் தடவிப் பார்த்தது. முன்னவன் விட்டுப்போன ஈரம் மட்டும்தான் இருந்தது.

"கிடைக்கும் கண்ணு" என்றது. "கொஞ்ச நாள் போகட்டும்."