கோமகனின் கட்டில்

"தொடாதீங்க ஐயா. மூணாவது தடவ சொல்றேன்."

கோமகனின் கட்டில் காலிலிருந்து அந்த மனிதர் கையை எடுத்தார். "சரிங்கம்மா" என்று தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் கை மறுபடி கட்டிலுக்குப் போயிற்று.

போலந்தில், பொமரேனியக் கோமகன்கள் வாழ்ந்த கோட்டை இப்போது வட்டார அருங்காட்சியகம். புதன்கிழமை அனுமதி இலவசம். வருகிறவர்கள் வாசலில் தரும் கம்பளிச் செருப்பை ஷூவுக்கு மேலே மாட்டிக்கொண்டு, ஓசிக்குத் தரையைப் பளபளப்பாக்கிவிட்டு, அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். இவர் மட்டும் நேரே படுக்கையறைக்கு வந்து மூடும்வரை நிற்பார். கழுத்தில் எப்போதும் அதே சாம்பல் நிறத் துண்டு, கிழிந்த இடத்தில் நீல நூல் தையல்.

அந்த அறைக்குக் காவல் தனுதா. போன இலையுதிர் காலத்தில் ஒரே மகளைப் பறிகொடுத்தவள். அடக்கம் முடிந்த மறுநாளே பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. மடியில் நீலக் கம்பளி நூலை வைத்துப் பின்னிக்கொண்டே இருப்பாள். யாராவது எதையாவது தொட்டால் ஒழிய வாயைத் திறக்கமாட்டாள்.

இயக்குநர் க்ரொகோவ்ஸ்கி புதிதாக வந்தவர், கறார்ப் பேர்வழி. அன்றைக்கு விறுவிறுவென்று மாடியேறி வந்தார்.

"கேமராவுல ஒரு மாசமா பாக்குறேன். இது என்ன, உங்க வீட்டுக் கட்டிலா?"

அந்த மனிதர் கையை எடுத்துக்கொண்டார். இனிமேல் கோட்டைக்குள் காலடி வைக்கக்கூடாது, வாசலிலும் சொல்லிவிட்டேன் என்றார் இயக்குநர். அப்போதுதான் அந்த ஆளின் முகம் வெளிறிப்போயிற்று.

"வர வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். வேணும்னா ஒரே ஒரு தடவ தொட்டுக்கறேன்."

ஆளுக்கு மூளை குழம்பியிருக்கிறது என்று இயக்குநர் முடிவு கட்டினார். தனுதாவின் பக்கம் திரும்பி, வாரா வாரம் இந்தத் தொல்லையை எப்படித்தான் பொறுத்துக்கொண்டீர்கள், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே துரத்தியிருப்பேனே என்றார்.

தனுதா பின்னுவதை நிறுத்தினாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"அவர் வரட்டும் சார். வீட்டுல நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல."