செயலாளரின் மூக்கு

"நீங்களே மோந்து பாருங்க மேடம். இதைத்தான் நாங்க தினமும் சகிச்சுக்கிட்டு இருக்கோம்!"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு பிளாஸ்டிக் பையை அவிழ்த்து இன்ஸ்பெக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே குதிரை லத்தி, காலையில் தெருவில் அள்ளியது. வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுத்துவிட்டு, டம்ளருக்குப் பக்கத்திலேயே இதையும் கொண்டுவந்து வைக்க எந்த மனுஷனுக்காவது மனசு வருமா? இவருக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"பையைக் கட்டுங்க சார். பார்த்தாலே தெரியுது."

வீட்டுக்குள் நாற்றம் இருந்தது உண்மைதான். செயலாளரின் மனைவி மூலைக்கு மூலை ரூம் ஸ்ப்ரே அடித்துக்கொண்டே இருந்தாள். ரோஜா வாசனையையும் மீறி நாற்றம் வந்தது.

தெருவுக்குப் போலீஸ் குதிரை ரோந்து வேண்டவே வேண்டாம் என்பது செயலாளரின் மனு. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருந்தார். பாதிப் பேர் அவர் நச்சரிப்புத் தாங்காமல் போட்டவர்கள். குதிரை லாயத்தையே இழுத்து மூட மேலதிகாரிகளும் ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ரோந்து இன்றோடு சரி.

போடமாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் பக்கத்து வீட்டு டீச்சர். யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், மைதானத்துல கூட்டம் நெரிஞ்ச அன்னிக்கு என் பொண்ணு கீழ விழுந்துட்டா. பக்கத்துல நின்னவங்களுக்கே தெரியல. ஜீப்புல வந்தவங்க ஹார்ன் அடிச்சுக்கிட்டு வெளியவே நின்னாங்க. வாசல்ல நிக்கிறாரே, இந்த ஏட்டய்யாதான் குதிரை மேலேருந்து அவளைப் பார்த்துட்டு உள்ள வந்தார். அவ மேல ஒரு குளம்பு படலை மேடம். அப்படியே குறுக்கே நின்னு கூட்டத்தைத் தடுத்துச்சு அந்தக் குதிரை."

"அதுக்காக நாங்க காலம் பூரா சாணியை மோக்கணுமா?"

"போன வாரம் பூரா உடம்பு சரியில்லைன்னு குதிரை வரவே இல்லையே. அப்பவும் நாறிச்சே சார்?"

"மண்ணுல ஊறிப்போச்சு டீச்சர், லேசுல போயிடுமா?" செயலாளர் சீறினார். "இந்த லட்சணத்துல அடுத்த வாரத்துலேருந்து பின் சந்துக்கும் வரப்போகுதாம். முன்னாலயும் நாத்தம், பின்னாலயும் நாத்தம்னா மனுஷன் எங்கதான் போறது?"

வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏட்டுவின் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன ஏட்டு, நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்றது மேடம்? இவங்கப்பாதான் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி இந்த ரோந்தைக் கேட்டு வாங்கினார். தினமும் இந்தக் கேட்டுல நின்னு குதிரை கழுத்தைத் தடவிக் குடுப்பார். பெரியவர் இங்க இருந்தா இப்படி நடக்குமா?"

"அப்பா அண்ணன் வீட்டுல ராஜா மாதிரி இருக்கார். அவரை எதுக்கு இதுல இழுக்கறீங்க?" என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டு, செயலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பெற்ற அப்பா நாயாய் அலைந்து வாங்கியதை மகன் குப்பையில் போடுகிறான். கேட்டால் மூக்கு தாங்கவில்லையாம். டீச்சருக்கு அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கி எறியலாம்போல் இருந்தது.

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு டீச்சர். இத்தனை பேர் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா நான் என்ன செய்ய முடியும்?" என்றபடி இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் குப்பை லாரி ஒன்று வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. குதிரைக்கு அந்த இரைச்சல் பிடிக்கவில்லை. தலையை உதறிக்கொண்டு பின்வாங்கியது.

"ஏட்டு, நீங்க குதிரையை லாயத்துக்குக் கொண்டுபோயிடுங்க. பின் சந்து வழியாப் போங்க."

"பின்பக்கம் வேண்டாம்!" செயலாளர் துள்ளி எழுந்தார். "அங்க... இப்பத்தான் கழுவி விட்டிருக்கு. லாரி போகட்டுமே மேடம்."

"சந்தைக்கூடக் கழுவுவீங்களா சார்? ஒரே ஒரு தடவை பொறுத்துக்குங்க. இன்னியோட உங்க தொல்லை விட்டுது!"

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு கையெழுத்தைக் கிறுக்கி மனுவைத் தள்ளிவிட்டார். டீச்சர் எழுந்தார். இந்த வீட்டுக் காற்றை இன்னும் ஒரு நிமிஷம் சுவாசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

ஜெயித்த மனிதர் சிரிக்க வேண்டாமா? செயலாளர் மனுவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொல்லைப்பக்கத்துக்கு ஓடினார். அவர் மனைவி ஸ்ப்ரே டப்பாவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

குளம்புச் சத்தம் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. நடந்து போகிறவர்கள் எட்டிப் பார்க்க முடியாதபடி செயலாளர் உயர்த்திக் கட்டியிருந்த பின் மதிலுக்கு அப்பால் அது சட்டென்று நின்றது.

"மேடம், இங்க கொட்டகையில யாரையோ கட்டிப் போட்டிருக்கு! ஒரே பீ நாத்தம்!" மதிலுக்கு மேலிருந்து ஏட்டு கத்தினார். அடுத்த கணம் அவர் குரல் உடைந்தது.

"ஐயோ, நம்ம பெரியவர் மேடம்!"