அட்டையும் இரும்பும்

மலேசியாவின் செனாய் விமான நிலையத்தருகே, எங்கள் கத்திப் பட்டறையின் மேசைமேல் அஷ்வின் இரண்டு கத்திகளை வீசாத குறையாக வைக்கிறார். அவருடைய உணவகத்துக்காக நாங்கள் செய்து கொடுத்தவை. ஒரே அளவில் இருக்கவேண்டியவை. ஒன்றின் அலகு நடுவில் அகலம், மற்றதன் அலகு மெலிவு. முதலாளி ஜீவன் அண்ணன் சிரித்துக்கொண்டே என் பக்கம் கை காட்டுகிறார். "டிகிரி படிச்ச பொண்ணு போட்ட படம், சார். படமே கோணல். நாளையிலேருந்து வேற ஆள வெச்சிக்கிறேன்." என் காது சுடுகிறது. விமானம் ஒன்று தாழப் பறக்க, தகரக் கூரை அதிர்கிறது. ஆணியில் தொங்கும் அட்டை டெம்ப்ளேட்டை இழுக்கிறேன். ஒவ்வொரு கத்திக்கும் இதைச் சுற்றித்தான் ஊசியால் கோடு கீறுகிறோம். படம் போட்ட அன்று "அட்டையே போதும் லா" என்றவர் அண்ணன்தான். அதே படத்தை வைத்து நான் அன்றே வெட்டிய இரும்புத் தகடு மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கிறது. அதைத் துடைத்து, மேலே அட்டையை வைக்கிறேன். ஊசி தின்ற ஓரத்துக்கு வெளியே இரும்பு ஓர் அரிசி அகலத்துக்குப் பளபளக்கிறது. அட்டை புதிதாக இருந்தபோது செய்த அகலக் கத்தியைத் தகட்டின்மேல் வைக்கிறேன்; பொருந்துகிறது. மெலிந்ததை அட்டையின்மேல் வைக்கிறேன், அதுவும் பொருந்துகிறது. "எது கோணல், அண்ணே?" அஷ்வின் குனிந்து பார்க்கிறார். அண்ணன் நெற்றியைத் தட்டிக்கொள்கிறார். "அலமாக், அடக் கடவுளே! இரும்புதான் நிக்கும்னு அன்னைக்கே சொன்னேன்ல, சார்?" நான் ஊசியை எடுத்து, தகட்டின் நடுவில் என் பெயரை, 'ரூபினி' என்று அழுத்திக் கீறுகிறேன். பல் கூசும் அந்தச் சத்தத்தில் அண்ணனின் பேச்சு அமுங்கிப்போகிறது.