ஒற்றை வெட்டு

அயோவாவின் அக்டோபர் மதிய வெயில் சமையலறை மேசையில் சாய்ந்து கிடக்கிறது. வெளியே மக்காச்சோளம் உலர்த்தும் எந்திரம் ஓயாமல் இரைகிறது. குடும்பநல ஆலோசகரான டோரீன், முனைவர் பட்டத்துக்காக இரண்டு பல்கலைக்கழகங்களின் தாள்களை விரித்து வைத்திருக்கிறாள். பக்கத்து ஊர்ப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் உள்ளது டெக்சஸில் இருக்கிறது. விண்ணப்பத்தோடு தன் குடும்ப வரைபடத்தையும் அனுப்ப வேண்டும்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இரண்டையும் இணைக்கும் திருமணக் கோடு. அறுவடைக்கு நடுவே சாப்பிட வந்த கணவன் வெஸ்லி, ஆறிப்போன சூப்பைத் தொடாமல் அந்தப் படத்தையே பார்க்கிறான். "எத்தன வருஷம்?" "நாலு. நீயும் வாயேன், வெஸ்." "வயலச் சுருட்டி அக்குள்ல வச்சிக்கிட்டா?" அவன் மட்டும் சிரிக்கிறான். "அங்கீகாரம் இல்லாத காகிதத்த வச்சு என்ன பண்ணுவ? டெக்சஸுக்கே போ." பென்சிலை எடுக்கிறான். "பிரிஞ்சிருந்தா கோட்டுல ஒரு வெட்டு, விவாகரத்துன்னா ரெண்டு. நீதான சொன்ன?" நாளெல்லாம் தம்பதிகளை மனம்விட்டுப் பேசச் சொல்கிறவள் தாள்களை அடுக்கத் தொடங்குகிறாள். மசகு படிந்த விரல்களால் அவன் தங்கள் இருவரையும் இணைக்கும் கோட்டின் குறுக்கே ஒரே ஒரு வெட்டுப் போடுகிறான், பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் விட்டு.