அமைதியை நிலைநாட்டியவன்

வாரச்சந்தை கூடும் அந்தச் சின்ன இங்கிலாந்து ஊரைப் பார்க்கச் சுற்றுலா நடத்துபவர்கள் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். பூந்தொட்டிக் கடைகளைத் தாண்டி, பேச்சியம்மாளும் அவள் கணவர் சங்கரபாண்டியனும் பழைய தேவாலயத்துக்குள் நுழைந்தார்கள். சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருந்தார்கள். ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பேச்சியம்மாள் நின்று படித்தாள். மதராஸ் மாகாணத்தில், கொடிவேலங்குறிச்சி என்னும் கலகக் கிராமத்தில் அமைதியை நிலைநாட்டிய, இவ்வூரில் பிறந்த கேப்டனின் நினைவாக என்று எழுதி, அவன் பெயரைப் பெரிதாகப் பொறித்திருந்தார்கள்.

கொடிவேலங்குறிச்சி அவள் பிறந்த ஊர். அந்தக் கேப்டன் முப்பத்தெட்டுப் பேரை உயிரோடு தள்ளி மூடிய கிணற்றின் மேல் இன்றும் அங்கே யாரும் ஏர் ஓட்டுவதில்லை.

"எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்று தேவாலயத்தைச் சுற்றிக்காட்டும் வெள்ளைக்காரப் பெண்மணி அன்பாகக் கேட்டாள். பேச்சியம்மாள் கல்லில் இருந்த ஊர்ப்பெயரைக் காட்டினாள். பெண்மணி கைதட்டி மகிழ்ந்தாள்.

"எவ்வளவு அருமை! பக்கத்தில் நில்லுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்."

சங்கரபாண்டியன் செல்போனை நீட்டினார். "சீக்கிரம் நில்லு, பஸ் போயிரும். கொஞ்சம் சிரி."

அவள் போய் நின்றாள். வலது கையை உயர்த்தி, கேப்டனின் பெயர் முழுதும் மறையும்படி விரித்து அழுத்தினாள்.

"கல்லைத் தொடக் கூடாது," என்றாள் பெண்மணி, சிரிப்பு மாறாமல்.

"ஏட்டி, கைய எடு," என்று கணவர் பல்லைக் கடித்தார்.

"நீங்க படத்த எடுங்க," என்றாள் பேச்சியம்மாள்.