முயல் கட்டிய கூடு

பிறந்த மறுநாளே குழந்தையைப் பறிகொடுத்த தமயந்தி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வாயே திறக்கவில்லை. ஓர் உயிர் வளைய வந்தால் தேறுவாள் என்று நினைத்து, கணவன் குணாளன் பண்ணையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டை முயலை வாங்கி வந்தான். அவளும் அதற்குக் கீரை போட்டாள், கூண்டைக் கழுவினாள், மடியில் வைத்துத் தடவினாள். பேச்சு மட்டும் வரவில்லை. ஒருநாள் முயல் தன் நெஞ்சு முடியை வாயாலேயே பிடுங்கி, வைக்கோல்மேல் மெத்தைபோலப் பரப்பத் தொடங்கியது. தோல் சிவந்துவிட்டது. குணாளன் பதறிப்போய்ப் பண்ணைக்கார அம்மாவுக்குப் போன் போட்டு, தமயந்திக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் வைத்தான்.

“பயப்படாதப்பா. ஆண் முயலோட சேர விட்டதே இல்ல, வயித்துல ஒண்ணும் கிடையாது. குட்டி வரப்போகுதுன்னு நெனச்சுக்கிட்டுக் கூடு கட்டுது. கலைச்சு மட்டும் போட்டுடாத, ஏங்கிப்போயிடும். அதுவா விடுறப்ப விடட்டும்.”

போனை வைத்தான். தமயந்தி கூண்டுக்குள் கைவிட்டு அந்த முடி மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

“நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள நம்ம புள்ளைக்குக் கட்டுன தொட்டிலை யாருங்க கழட்டுனது?”

பார்த்தால் தாங்கமாட்டாள் என்று அவன்தான் கழற்றினான். யாருக்கோ கொடுத்தும் விட்டான்.