இரண்டாவது கியர்

குமணனின் ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டாவது கியர் அவன் போட்டால் மட்டும் கரகரக்கும். அவன் மனைவி யாழினி போட்டால் சத்தமில்லாமல் விழும். மெக்கானிக் ஜெபராஜ் பழைய கியர் ஆயிலை வடித்துக் காட்டினார். அதில் பித்தளைத் தூள் மினுங்கியது.

"மேடம் ஒரு நொடி நிதானிக்கிறாங்க. நீங்க இடிக்கிறீங்க சார்."

"ஆயிலைப் பத்திச் சொல்லுங்க."

ஜெபராஜ் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். "இது கம்பெனி சொன்னது. உங்க கைக்குச் சத்தம் வரும், ஆனா கியர்பாக்ஸ் பிழைக்கும். அது கெட்டி. சத்தத்தை அமுக்கிடும், ஆனா உள்ள கியரை விழ வைக்கிற பித்தளை வளையத்தை அரிச்சிடும். அப்புறம் மேடம் போட்டாலும் விழாது."

பட்டறைக்கு வெளியிலிருந்து யாழினி கேட்டாள்: "என்னங்க, இன்னைக்கும் நான்தான் ஓட்டணுமா?"

குமணன் கெட்டி ஆயிலைத் திறந்து முகர்ந்தான். கந்தக வாடை அடித்தது.

"அவளுக்கும் விழாமப் போக எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டான்.